பலகையில் விடுபட்ட ஏழு மாதம்

வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நேர்மையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசவேண்டும் என்றுதான் என்னை அழைத்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் பொறாமை. முப்பத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு பைசா கைநீட்டி வாங்கியதில்லை என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அது உண்மைதான். அந்த நல்ல பெயருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதனின் பிழைப்பில் நான் மண் அள்ளிப் போட்டேன் என்பதும் உண்மை. அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

வருவாய்க் கோட்டத்தின் தலைமை அதிகாரி ஐ.ஏ.எஸ். தேறி வந்தவராக இருந்தால் சார் ஆட்சியர், அதாவது சப்-கலெக்டர், என்கிறோம். எங்களைப் போலக் கீழிருந்து ஏறி வந்தவராக இருந்தால் கோட்டாட்சியர் என்கிறோம். நாற்காலி ஒன்று, முத்திரை ஒன்று, வேலை ஒன்று. பெயர் மட்டும் இரண்டு. இது எங்கிருந்து வந்தது என்று உங்களில் யாராவது யோசித்திருக்கிறீர்களா? நான் யோசித்தேன். அந்த யோசனைதான் என்னைக் குழியில் தள்ளியது.

எங்கள் அலுவலகம் கள்ளக்குறிச்சிப் பக்கம். எது என்று சொல்லப்போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இப்போதும் துறையில் இருக்கிறார்கள். அங்கே சப்-கலெக்டர் அறையில், நாற்காலிக்குப் பின்னால் ஒரு தேக்குப் பலகை மாட்டியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அந்தப் பதவியை வகித்தவர்களின் பெயர்கள் தங்க வண்ணத்தில் எழுதியிருக்கும். லண்டனில் பரீட்சை எழுதி, இருபத்துமூன்று இருபத்துநான்கு வயதில் கப்பலேறி வந்து, முன்ஷியிடம் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டே இங்கே நிலத்தகராறும் கொலை வழக்கும் விசாரித்தவர்கள். பலகையின் அடிப்பக்கம் வரும்போதுதான் அதே பரீட்சை எழுதிய நம் ஆட்களின் பெயர் ஒன்றிரண்டு தென்படும்.

அந்தப் பலகையில் சில இடைவெளிகள் இருந்தன. ஒருவர் மார்ச்சில் போயிருப்பார். அவரோ அடுத்தவரோ அக்டோபரில் வந்திருப்பார். நடுவில் ஏழு மாதம் கோட்டத்தை யார் பார்த்துக்கொண்டார்கள்? வெள்ளைக்காரர் காய்ச்சலில் படுத்தாலோ நீண்ட விடுப்பில் சீமைக்குப் போனாலோ, நம் ஊர் டிப்டி கலெக்டர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்வார். அவர் குமாஸ்தாவாகச் சேர்ந்து, தாசில்தாராகி, தலை நரைத்த பிறகு டிப்டி கலெக்டர் ஆனவராக இருப்பார். அதே வழக்குகளைத்தான் விசாரிப்பார், அதே முத்திரையைத்தான் குத்துவார். துரை திரும்பி வந்ததும் எழுந்து தன் பழைய அறைக்குப் போய்விடுவார். பெயர் எழுத மாட்டார்கள்.

நான் இளநிலை உதவியாளனாக ஆவண அறையில் இருந்தபோது, பொறுப்பு ஒப்படைத்ததற்கான பழைய சான்றுகளின் கட்டு ஒன்று கையில் கிடைத்தது. இடைவெளிகளில் இருந்தவர்களின் கையெழுத்துகள் எல்லாம் அதில் இருந்தன. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு ஒவ்வொரு பெயராக எழுத ஆரம்பித்தேன். பதினோரு வருஷம் எழுதினேன். யாரும் சொல்லவில்லை, யாருக்கும் காட்டவும் இல்லை. என் அத்தா கள்ளக்குறிச்சியில் இரும்புக்கடை வைத்திருந்தவர். எங்கள் குடும்பத்தில் முதல் சர்க்கார் உத்தியோகஸ்தன் நான். அந்தப் பெயரில்லாத மனிதர்கள் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி.

அந்த ஏழு மாத டிப்டி கலெக்டரைப் பற்றித் தனியாக ஒரு கோப்பே இருந்தது. அது மலையில் காய்ச்சல் பரவிய வருஷம். அப்போது கல்வராயன் மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. சர்க்கார் ஆட்கள் மேலே ஏறுவது அபூர்வம். இவர் மாவட்டத் தலைநகரான கடலூரிலிருந்து அனுமதி வருவதற்குக் காத்திருக்காமல், கிடங்கிலிருந்த தானியத்தையும் மருந்தையும் ஆட்கள் தலையில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோய்விட்டார். துரை திரும்பியதும் அதிகாரத்தை மீறிவிட்டதாக விளக்கம் கேட்டார். கிளம்பும் முன்பே அனுமதி கேட்டு எழுதும்படி என் சிரஸ்தாரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன் என்று இவர் பதில் எழுதினார். அலுவலகத் தலைமை எழுத்தரான அந்த சிரஸ்தாரும் நம் ஆள்தான். அப்படி எந்தச் சொல்லும் எனக்கு வரவில்லை என்று அவர் வாக்குமூலம் கொடுத்துவிட்டார். டிப்டி கலெக்டரைத் தாசில்தாராக இறக்கினார்கள். கோப்பு அதோடு முடிகிறது. என் நோட்டில் அந்த சிரஸ்தார் பெயருக்குப் பக்கத்தில் நான் எழுதிவைத்திருந்த வார்த்தையை இந்தச் சபையில் சொல்ல முடியாது.

அண்ணாமலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது எனக்கு முப்பத்தொன்பது வயது, அவருக்கு இருபத்தெட்டு. மலையில் பிறந்தவர். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் சாமை, கேழ்வரகு பயிரிடும் குடும்பம். நேரடித் தேர்வு எழுதி உதவியாளராக வந்தவர். நான் பதினைந்து வருஷத்தில் ஏறிய படியை அவர் நான்கு வருஷத்தில் ஏறியிருந்தார். இருவரும் துணை வட்டாட்சியர்கள். பதவி மூப்புப் பட்டியலில் அவர் பெயர் எனக்கு இரண்டு வரி மேலே. நான் அந்தப் பட்டியலை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது எடுத்துப் பார்ப்பேன். பார்த்தால் மாறிவிடுமா என்ன?

அவரிடம் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கோப்பு படிப்பதில் வேகம். மனு கொடுக்க வந்தவரை உட்காரவைத்துப் பேசுவார். மலையிலிருந்து யாராவது வந்தால், வராந்தாவில் நின்று தயங்காமல் நேராக அவர் மேசைக்குப் போவார்கள். என் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். சப்-கலெக்டர் அவரை “அண்ணாமலை” என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என்னை எல்லாரையும் போல “பாய்” என்பார். அந்த “பாய்” அன்பாகச் சொன்னதுதான். ஆனாலும் அந்த நாட்களில் அது எனக்குக் கசந்தது.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடேறியிருந்த காலம். எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் யாருடைய பங்கை யார் சாப்பிடுகிறார்கள் என்ற பேச்சுதான். போராடியவர்களின் கேள்வியில் நியாயம் இருந்தது. அதைப் பற்றி நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. என் கதை வேறு. அந்தப் பேச்சை என் பொறாமைக்குச் சட்டையாக மாட்டிக்கொண்டேன். “மலை ஒதுக்கீட்டுல வந்தவரு, அதான் இவ்ளோ வேகமா மேல போய்க்கினு இருக்காரு” என்று அலுவலகத்தில் இரண்டு மூன்று பேரிடம் சொன்னேன். அவருடைய பணிப்பதிவேடு என் பொறுப்பில்தான் இருந்தது. அவர் பொதுப் போட்டியில், முதல் சில இடங்களுக்குள் தேறி வந்தவர் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வேலை கிடைத்து வந்தவன் நான்தான். இரண்டும் தெரிந்தே சொன்னேன்.

அந்தச் சமயத்தில் மாவட்ட நூல் ஒன்று தொகுக்கிறார்கள் என்றும், ஒவ்வொரு கோட்டமும் தன் தலைமைப் பதவியின் வரலாற்றை எழுதி அனுப்ப வேண்டும் என்றும் கடிதம் வந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இன்றுவரை. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதினோரு வருஷம் காத்திருந்தது இதற்குத்தான் என்று நினைத்தேன். மறுநாள் காலை சப்-கலெக்டர் அந்த வேலையை அண்ணாமலையிடம் கொடுத்தார்.

என்னைக் கேட்டிருந்தால் என் நோட்டைக் காட்டியிருப்பேன். கேட்கவில்லை. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை எல்லாமே வேறாகியிருக்கும். அண்ணாமலை என் மேசைக்கு வந்து, பலகையில் ஏழு மாதம் விடுபட்டிருக்கிறதே, அதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். பழைய கட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது என்றேன். அந்த நோட்டு அப்போது என் கைக்கடியில் இருந்தது. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். பிறகு விடுமுறையில் ஊருக்குப் போகும்போதெல்லாம் மலையில் பெரியவர்களிடம் விசாரிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அங்கே ‘கறுப்புத் தொரை’ என்று ஒருவரைப் பற்றிப் பேச்சு இருக்கிறதாம். அதைக் கேட்டதும் என் நெஞ்சு எரிந்தது. என் ஆளை, நான் கண்டுபிடித்த ஆளை, இவர் வேறு வழியாக வந்து தொட்டுவிட்டார்.

செப்டம்பரில் அந்தப் போராட்டத்தின் சாலை மறியல் வந்தது. ஒரு வாரம். உளுந்தூர்பேட்டை முதல் எங்கள் பக்கம் வரை புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே தள்ளிவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, போன் கம்பிகள் அறுந்துகிடந்தன. சப்-கலெக்டர் உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்டார். போலீஸ் வயர்லெஸ் வழியாக அவர் சொன்னது இது: மலையடிவாரத்துக்கு அண்ணாமலை போகட்டும், அங்கே நடப்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும், அலுவலகத்தை பாய் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அது எப்படிக் கேட்டது தெரியுமா? களம் அவனுக்கு, காகிதம் எனக்கு.

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பள்ளிக்கூடம். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இறங்கி வந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த மலைக்காரர்கள் அறுபது பேர் அதில் அடைந்து கிடந்தார்கள். அவர்கள் வந்த பஸ்ஸுக்கு முன்னாலும் மரம், பின்னாலும் மரம். திடகாத்திரமானவர்கள் நடந்தே மலை ஏறிப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் கைக்குழந்தைக்காரிகளும் வயசானவர்களும் ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்தவர்களும். விடாத மழை. இரண்டு நாள் அக்கம்பக்கத்து வீடுகள் சோறு போட்டன. மூன்றாம் நாள் அந்த வீடுகளிலும் அரிசி தீர்ந்தது. பிள்ளை பெற்று நான்கு நாளான ஒரு பெண்ணுக்கு மறுபடி உதிரம் போக ஆரம்பித்தது.

அன்று காலை பத்து மணிக்கு தலையாரி முனியன், மழையில் வயல்வரப்பு வழியாக ஓடிவந்து என்னிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார். அண்ணாமலையின் கையெழுத்து. பள்ளிக்குப் பக்கத்திலுள்ள ரேஷன் கிடங்கைத் திறந்து அரிசி கொடுக்க உத்தரவு வேண்டும். அந்தப் பெண்ணை அழைத்துவர அலுவலக ஜீப்பை ஏரிக்கரை வழியாக அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். அலுவலகப் பொறுப்பில் இருந்தவன் நான். ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

நான் விதிகளை எடுத்தேன். கிடங்கைத் திறக்கச் சப்-கலெக்டரின் எழுத்துமூல உத்தரவு வேண்டும். வாய்மொழிச் சொல் போதாது. ஜீப்பை மறியல் பகுதிக்குள் அனுப்பி எரித்துவிட்டால் யார் பதில் சொல்வது? நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. இன்றைக்கும் எந்தத் தணிக்கையாளரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. இதையே வேறு யாராவது கேட்டிருந்தால் அந்த விதியை நான் அலமாரியிலிருந்து எடுத்திருக்கவே மாட்டேன். நான் என்னையே கேட்டுப் பார்த்திருக்கவேண்டியது அந்த ஒன்றுதான். கேட்கவில்லை. சப்-கலெக்டருக்கு வயர்லெஸ்ஸில் செய்தி அனுப்பிக் கேட்கிறேன் என்று முனியனை உட்காரவைத்தேன். செய்தியை எழுதினேன். அதை ஸ்டேஷனுக்கு அனுப்பாமல் மேசையில் வைத்துக்கொண்டு வேறு வேலை பார்த்தேன். மத்தியானம் வரை வராந்தாவில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்த முனியன், பிறகு என்னிடம் எதுவும் கேட்காமல் எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. பல பேர் சொல்லித் தெரிந்துகொண்டேன். முனியன் வெறுங்கையோடு வந்ததைப் பார்த்ததும் அண்ணாமலை கிடங்குக்குப் போய், ஊர்க்காரர்கள் நான்கு பேரைச் சாட்சிக்கு நிறுத்தி, கல்லால் பூட்டை உடைத்தார். எடுத்த அரிசிக்கு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிடங்குச் சுவரிலேயே ஒட்டினார். பள்ளிக்கூடத்தில் கஞ்சி கொதித்தது. பிறகு அந்தப் பெண்ணை ஒரு மாட்டுவண்டியில் படுக்கவைத்து, நேராக மறியல் நடந்த இடத்துக்கே ஓட்டிப் போனார். அங்கே இருநூறு பேர் தடியும் அரிவாளுமாக நின்றார்கள். இவர் சர்க்கார் ஆள் என்று தெரிந்ததும் சிலர் பாய்ந்து வந்தார்கள். ஒரு கல் இவர் நெற்றியில் பட்டது. கூட்டத்தில் தலைவர் மாதிரி இருந்த ஒரு கரும்பு விவசாயி வண்டிக்குள் எட்டிப் பார்த்தாராம்.

“நாம மறிச்சது சர்க்கார. புள்ளப் பெத்தவளயில்ல. தூக்குங்கடா மரத்த” என்றாராம்.

முப்பது நாற்பது பேர் சேர்ந்து புளியமரத்தைப் புரட்டி வண்டிக்கு வழி விட்டார்கள். அடுத்த மரத்துக்கு அவர்களே கூட வந்தார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

ஊரெல்லாம் அண்ணாமலை பேச்சுதான். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கூலிக்காரர்கள்கூட அவரை நிறுத்தி நெற்றிக் கட்டைப் பார்த்து நலம் விசாரித்தார்களாம். நான் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் என் மனைவியும் அதையேதான் சொன்னாள். “ஒங்க ஆபீசு ஆளாமே, இன்னா தைரியம்” என்றாள். நான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை.

மறியல் ஓய்ந்த பிறகு மேலிடத்திலிருந்து விசாரணை வந்தது. கூட்டம் கூடியிருந்த நேரத்தில் ஒரு அதிகாரி அரசுக் கிடங்கின் பூட்டை உடைக்கலாமா, நாளைக்கு எல்லாரும் உடைத்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள். காலையிலேயே அலுவலகத்துக்குச் சீட்டு அனுப்பினேன், பதில் வராததால் உடைத்தேன் என்று அண்ணாமலை எழுதிக் கொடுத்தார். விசாரணை அதிகாரி என்னைக் கேட்டார். சீட்டு எப்போது வந்தது?

சீட்டு மாலை ஆறு மணிக்கு மேல் வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பூட்டு உடைந்தது மூன்று மணிக்கு. ஒரே வரியில் அண்ணாமலை பொய்யராகிவிட்டார். முனியனையும் கேட்டார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார், அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். “எங்கிட்ட ஏதுங்க கடியாரம்” என்று மட்டும் சொன்னார். அண்ணாமலையைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். அவருக்காகப் பேசிய சப்-கலெக்டருக்கு அந்த வாரமே வேறு மாவட்டத்துக்கு மாறுதல். புதிதாக வந்தவர் என்னைக் கூப்பிட்டார். பதவி வரலாற்றுக் கட்டுரை பாதியில் நிற்கிறதாமே, உங்களுக்குப் பழைய ஆவணங்கள் பழக்கம் என்கிறார்கள், நீங்களே எழுதிவிடுங்கள் என்றார்.

பொறாமைப்பட்டவனுக்கு அவன் கேட்டது எல்லாம் கிடைத்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் தெரிந்தது. பேனாவை எடுத்தால் எழுத்து ஓடவில்லை. வெள்ளைக்காரர்களைப் பற்றி எழுதிவிட்டேன். இடைவெளிகளைப் பற்றி எழுதிவிட்டேன். ஏழு மாத டிப்டி கலெக்டரிடம் வந்து நின்றேன். சிரஸ்தாரின் வாக்குமூலத்தை மறுபடி பிரித்துப் படித்தேன். அழகான கையெழுத்து. இரண்டே வரி. பதினோரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்த ஆளின் மேசையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அவருக்கும் ஒரு பட்டியல் இருந்திருக்கும், அதில் இரண்டு வரி மேலே ஒரு பெயர் இருந்திருக்கும் என்று தோன்றியது. அன்று நான் வேறு எதுவும் எழுதவில்லை.

ஆனாலும் உடனே நல்லவனாகிவிடவில்லை. மலைக்குப் போய் அந்தக் ‘கறுப்புத் தொரை’ கதையை, வேலையில்லாமல் ஊரோடு இருந்த அண்ணாமலையிடமிருந்து வாங்கி வந்துவிட்டால் கட்டுரை நிறைவாகும் என்றுதான் முதலில் நினைத்தேன். வெள்ளிமலை வரை பஸ், அங்கிருந்து இரண்டு மணி நேர நடை. அவர் சாமைக் கதிர் அறுத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் தழும்பு. என்னைப் பார்த்ததும் அரிவாளை வைத்துவிட்டு, “வாங்க பாய், வூட்டுக்குப் போலாம்” என்றார். நான் ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை. அவர் மனைவி சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். அவருடைய இரண்டு வயது இளைய மகள் என் கைக்கடிகாரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

நான் கட்டுரை விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்துபோய்ப் பரணிலிருந்து ஒரு தாள் கட்டை எடுத்து வந்தார். நான்கு ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை, யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார் என்பது வரை எழுதியிருந்தார். நான் பதினோரு வருஷத்தில் செய்யாத வேலை. நான் ஆவணத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். டிப்டி கலெக்டர் தானியம் கொண்டுபோன ஊர்களில் நான் விசாரித்ததே இல்லை. அந்தத் தாள்களைக் கையில் வாங்கியபோதும் எனக்கு முதலில் பொறாமைதான் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? கட்டை முழுதாக என்னிடமே கொடுத்துவிட்டார். ஒரு பிரதிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

பேச்சு அந்த டிப்டி கலெக்டர் எப்படித் தண்டனை பெற்றார் என்பதற்கு வந்தது. மலையில் அது தெரியாது. துரை கோபித்துக்கொண்டு அனுப்பிவிட்டார் என்ற அளவில்தான் அவர் கேள்விப்பட்டிருந்தார். நான் கோப்பில் இருந்ததைச் சொன்னேன். சிரஸ்தார் வரை வந்ததும் என் குரல் இறங்கிவிட்டது.

“கட்டு எல்லாத்தையும் கரையான் தின்னுடுச்சின்னீங்களே பாய்” என்றார் அண்ணாமலை.

நான் குனிந்துகொண்டேன். அவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அந்த சிரஸ்தார் பேரு இருக்குதா?”

“இருக்கு.”

“எழுதுங்க. ஆனா திட்டி எழுதாதீங்க. அவருக்கும் புள்ளகுட்டி இருந்திருக்கும்.”

அவர் குத்தலாகச் சொன்னாரா, மனசார சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு அவர் என்னை வெள்ளிமலை பஸ் வரை நடந்து வந்து ஏற்றிவிட்டார். வழியெல்லாம் இந்த வருஷம் சாமை விளைச்சல் ஜாஸ்தி, கேழ்வரகு கம்மி என்பதைப் பற்றித்தான் பேசினார்.

மறுநாள் விசாரணை அதிகாரியிடம் போய், சீட்டு காலை பத்து மணிக்கு வந்தது, நான் வேண்டுமென்றே வைத்திருந்தேன், வயர்லெஸ் செய்தியை அனுப்பவில்லை, முன்பு கொடுத்த வாக்குமூலம் பொய் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மறந்துபோய் நேரம் தப்பாக எழுதிவிட்டேன் என்று மாற்றி எழுதினால் எச்சரிக்கையோடு போய்விடும், இப்படி எழுதினால் வேலைக்கே ஆபத்து என்றார். எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். ஏன் வேண்டுமென்றே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். விதி இருந்தது, அதனால் வசதியாக இருந்தது என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. தாளை வாங்கிக்கொண்டார்.

எனக்கு வேலை போகவில்லை. மூன்று வருஷத்துக்கு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். வட்டாட்சியர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தார்கள். வீட்டில் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. என் மனைவி ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அண்ணாமலை வீட்டுக்கு மட்டும் ஒரு நாள் பிரியாணி செய்து அனுப்பினாள். அவர் மூன்று மாதத்தில் திரும்ப வந்தார். பூட்டை உடைத்ததற்கு ஒரு கண்டிப்போடு விட்டுவிட்டார்கள். முதல் நாள் நேராக என் மேசைக்கு வந்து, ஒரு பட்டா மேல்முறையீட்டுக் கோப்பு வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கட்டுரையை முடித்து அனுப்பினேன். அச்சில் வந்தபோது இருபது பக்கத்தை இரண்டு பக்கமாக வெட்டியிருந்தார்கள். இடைவெளிகளில் இருந்தவர்களின் பெயர்கள் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் வந்தன. ஏழு மாத டிப்டி கலெக்டரின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. தகவல் உதவி என்று என் பெயரும் அண்ணாமலை பெயரும் இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தேன்; இரண்டையும் போடவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

பிறகு அவர் வட்டாட்சியர் ஆனார், கோட்டாட்சியர் ஆனார், அதற்கு மேலும் போனார். பல வருஷம் நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. அது என் உடம்பில் ஓடும் சர்க்கரை வியாதி மாதிரி, வைத்துக்கொண்டுதான் வாழவேண்டும். ஒன்று மட்டும் பழகிக்கொண்டேன். ஒருவர் கேட்டதற்கு, விதியில் இடமில்லை என்று சொல்ல வாய் வரும்போது, கேட்டவரின் முகத்தை மாற்றிப் பார்ப்பேன். எனக்குப் பிடித்த ஒருவர் இதையே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? பதில் மாறினால் அங்கே பேசுவது விதி இல்லை. நீங்கள் நாளைக்கு உங்கள் மேசைகளுக்குப் போகிறீர்கள். உங்களுக்கு மேலே இரண்டு வரியில் யாரோ ஒருவர் பெயர் இருக்கத்தான் போகிறது. அதனால் சொல்கிறேன்.

போன வருஷம் காலைப் பேப்பரில் சிவில் சர்வீஸ் தேர்வு முடிவு வந்திருந்தது. எங்கள் மாவட்டத்திலிருந்து தேறியவர்களில் அண்ணாமலையின் பேத்தி பெயர் இருந்தது. தமிழ்நாட்டுக்கே ஒதுக்கீடு ஆனால் ஏதாவது ஒரு கோட்டத்தில் சார் ஆட்சியராக உட்காரும் பெண். என் பேரனும் அதே தேர்வை மூன்று முறை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். பேப்பரை மடித்துவைத்தேன். பழைய எரிச்சல் அப்படியே வந்தது. எழுந்து வாசல் வரை நடந்து திரும்பினேன். ஐந்து நிமிஷம் இருக்கும். முன்பெல்லாம் அது வருஷக்கணக்கில் இருக்கும்.

பிறகு போனை எடுத்து அண்ணாமலையைக் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னேன்.

“பாய்” என்றார். “மொத போன் ஒங்களுதுதான்.”